அடுப்பில்லாதவர்களின் பேட்டை

பெருமாளின் மடப்பள்ளி, நவாபின் பள்ளிவாசல், மதுராக்காரரின் சாம்பார், மேன்ஷன்வாசிகளின் மெஸ்... திருவல்லிக்கேணியைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு சுற்று சுற்றி வரலாம், வாங்க!

அறையில் சமைக்கக் கூடாது. திருவல்லிக்கேணியில் எந்த மேன்ஷனில் இடம் கேட்டுப் போனாலும் வாடகை, முன்பணம், தண்ணீர் வரும் நேரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மேலாளர் கடைசியாகச் சொல்லும் விதி இது. சின்ன அறை, இரண்டு மூன்று கட்டில், துணி காயப்போட ஒரு கயிறு, நடைக் கோடியில் பொதுக் குளியலறை. சான்றிதழ் ஃபைலோடு வேலை தேடி வந்தவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கோடம்பாக்கத்தில் வாய்ப்புக் கேட்டு அலைந்தவர்கள், தலைமைச் செயலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்கள் என்று பல தலைமுறை இளைஞர்கள் இந்த அறைகளில் இருந்து போயிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அந்த விதி ஒன்றுதான். பசித்தால் தெருவுக்கு இறங்க வேண்டும்.

அவர்கள் இறங்கிய தெருக்கள்தான் சென்னையின் மிகச் சிறந்த சாப்பாட்டுத் தெருக்களாக ஆகியிருக்கின்றன. மயிலாப்பூருக்குக் கச்சேரி, மாம்பலத்துக்குப் புடவை, சவுகார்பேட்டைக்கு ஜிலேபி என்றால், திருவல்லிக்கேணிக்கு ‘எங்கிருந்தோ வந்தவருக்குச் சாப்பாடு’. மேன்ஷன்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வழக்கம் இங்கே தொடங்கிவிட்டது. சேவிக்க வந்தவர்களுக்குப் பெருமாள் கோயில், ஆற்காட்டிலிருந்து நவாபோடு வந்தவர்களுக்கு அவருடைய பரிவாரம், நோன்பு திறப்பவர்களுக்குப் பள்ளிவாசல் என்று ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் இங்கே ஊராருக்காக அடுப்பு மூட்டியிருக்கிறார். இந்தப் பேட்டையைப் பார்க்க நல்ல வழி, அந்த அடுப்புகளைத் தேடிப் போவதுதான்.

சாம்பாரில் மூழ்கிய இட்லி

காலைச் சாப்பாட்டுக்கு யாரிடம் வழி கேட்டாலும் விரல் நீளும் இடம், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் ரத்னா கஃபே. 1948-ல் தொடங்கிய கடை. தொடங்கியது தஞ்சாவூர் அய்யரோ உடுப்பிக்காரரோ கிடையாது, வடக்கே மதுராவிலிருந்து வந்த குப்தா குடும்பம். கிருஷ்ணன் பிறந்த ஊரிலிருந்து கிளம்பி, கிருஷ்ணன் குடியிருக்கும் பேட்டைக்கு வந்து, சென்னைக்காரர்களுக்கே சாம்பார் ஊற்றிக் கொடுத்து ஜெயித்தவர்கள். இன்றைக்கு நகரத்தில் வேறு இடங்களிலும் கிளைகள் உண்டு. ஆனால், “ரத்னாவுல சாப்பிட்டியா?” என்று ஒரு டிரிப்ளிக்கேன்காரர் கேட்டால், அது இந்தப் பழைய கடையைத்தான்.

இங்கே இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்வதில்லை. தட்டில் இரண்டு இட்லி வரும். அதன்மேல் சாம்பாரை ஊற்றுவார்கள். இட்லியின் விளிம்பு மறையும்வரை ஊற்றுவார்கள். கொஞ்சம் தளர்வான, பருப்பு நன்றாகக் கரைந்த, மிதமான புளிப்புள்ள சாம்பார். மல்லித்தழை மேலே மிதக்கும். ஸ்பூனால் இட்லியை உடைத்தால் உடனே சாப்பிடக் கூடாது. அரை நிமிடம் விட வேண்டும். அதற்குள் இட்லி சாம்பாரைக் குடித்துவிடும். தட்டில் தரை தெரியும். அந்த நேரம் பார்த்து வாளியோடு ஒருவர் வந்து நிற்பார்.

“சாம்பார் ஊத்தட்டுமாண்ணே?”

“ஊத்துப்பா, ஊத்து.”

இரண்டாவது முறை, மூன்றாவது முறை ஊற்றினாலும் முகம் சுளிப்பதில்லை. இந்தக் கடையின் கெட்டிக்காரத்தனமே இதில்தான் இருக்கிறது. இரண்டே இட்லிக்குக் காசு வைத்திருக்கும் பையன்கூட வயிறு நிறைந்து எழுந்து போகலாம். கையில் காசு குறைவாக இருக்கும் வாடிக்கையாளர்களை நம்பி ஒரு கடை நடந்தால், இலவசமாகக் கொடுக்கிற பண்டத்தை நன்றாகச் செய்தாக வேண்டும். ரத்னாவின் சாம்பார் பிரபலமானதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

முடித்துவிட்டு ஃபில்டர் காபி. டபராவில் ஆற்றிக் குடிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பக்கத்து மேஜைகளைக் கவனியுங்கள். ஒருபக்கம் கோயிலுக்குப் போய்விட்டு வந்த தென்கலை நாமக்காரர், இன்னொரு பக்கம் தொழுகை முடித்து வந்த பாய், எதிரே தலை துவட்டிய ஈரம் காயாத மேன்ஷன் இளைஞர். மூவர் தட்டிலும் அதே சாம்பார்.

பெருமாள் வீட்டு நெய்

அங்கிருந்து கிழக்கே நடந்தால் பார்த்தசாரதி கோயில். பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் பாடிய தலம். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. அதாவது, ஆங்கிலேயர்கள் சென்னையில் கோட்டை கட்டுவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இது பழைய கோயில். மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு மீசை உண்டு. குருக்ஷேத்திரத்தில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர் என்பதால் கையில் சக்கரம் கிடையாது, சங்கு மட்டும்தான். உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் இருக்கும் வடுக்களைப் பாரதப் போரில் பட்ட அம்புக் காயங்கள் என்பார்கள். கோயிலுக்குள் கிழக்குப் பார்த்துப் பார்த்தசாரதி, மேற்குப் பார்த்து யோக நரசிம்மர். இருவருக்கும் தனித்தனிக் கொடிமரம்.

இந்தக் கோயிலின் மடப்பள்ளி புகழ் பெற்றது. சர்க்கரைப் பொங்கலைக் கையில் வாங்கினால் உள்ளங்கை முழுக்க நெய் படியும். புளியோதரை, தயிர்சாதம், வடை என்று பிரசாதங்கள் வேளைக்கேற்ப வரும். மார்கழியில் கூடாரவல்லி அன்று அக்காரவடிசில். தேர்வுக்குப் படிக்க வந்து மாதக் கடைசியில் பர்ஸ் காலியான எத்தனையோ பேர் பெருமாளைச் சேவிக்கும் சாக்கில் ஒருவேளைப் பசியாற்றிக்கொண்ட கதைகள் இந்தத் தெருக்களில் சாதாரணம். பெருமாளும் கணக்குப் பார்த்ததில்லை.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் நிதானமாக நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் திண்ணை வைத்த வீடுகள் இப்போது குறைந்துவிட்டன. மிச்சமிருக்கும் சிலவற்றில் திண்ணையிலேயே பூக்கடையும் இஸ்திரிக் கடையும் நடக்கின்றன. புறப்பாட்டு நாள் என்றால், பெருமாளுக்கு முன்னால் திவ்யப் பிரபந்த கோஷ்டியும் பின்னால் வேத கோஷ்டியும் வரும். தெரு முழுக்கக் கோலம். ஆட்டோக்கள் ஓரங்கட்டி நிற்கும்.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்து மறைந்த வீடு. 1921-ல் இந்தக் கோயில் யானைக்குப் பழம் கொடுக்கப் போனபோதுதான் அது அவரைத் தள்ளிவிட்டது. யானையின் காலடியிலிருந்து அவரை இழுத்துக் காப்பாற்றியவர் குவளைக் கண்ணன். காயம் ஆறியது. ஆனால், அதே ஆண்டு செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு நோயில் பாரதி போய்விட்டார். அரசு அந்த வீட்டை வாங்கி, 1993-ல் நினைவில்லமாக ஆக்கியது. நுழைவதற்குக் கட்டணம் இல்லை.

எட்டயபுரத்துக்காரரான பாரதியும் இங்கே வெளியூர்க்காரர்தான். கும்பகோணத்திலிருந்து வந்த ராமானுஜனும் அப்படியே. சாமிப்பிள்ளைத் தெருவில் நண்பர்களோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தார். மேன்ஷன் என்ற பெயர்தான் இல்லையே தவிர, வாழ்க்கை அதே வாழ்க்கை. துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தன் சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டு என்று சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார். உலகக் கணிதத்தைப் புரட்டிப்போட்ட கடிதம் அது. பெரிய தெருவில் செங்கல் நிறத்தில் கம்பீரமாக நிற்கும் இந்து உயர்நிலைப் பள்ளியில், 1920-களில் ஒரு பையன் படித்தான். பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

பத்திரிகைக்காரர்களுக்கும் இது ஒரு தலம். 1878-ல் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சடித்து ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதுதான் ‘தி இந்து’.

“டோக்கன் வாங்கிட்டியா தம்பி?”

மதியம் பன்னிரண்டு மணிக்கு அக்பர் சாகிப் தெருவுக்குப் போனால், ஒரு கட்டடத்தின் முன்னால் வரிசை நிற்கும். ரேஷன் கடை என்று நினைத்துவிடாதீர்கள். காசி விநாயகா மெஸ். முதலில் டோக்கன், பிறகு காத்திருப்பு, பிறகு இலை. கூட்டமாக உள்ளே விடுவார்கள், கூட்டமாக எழுந்து வருவார்கள். மேஜையில் உட்கார்ந்து கதை பேசும் இடம் இது கிடையாது. வெளியே நிற்பவருக்கும் பசி என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும்.

மெஸ் சாப்பாட்டுக்கு ஓர் இலக்கணம் உண்டு. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்த அடுத்த நொடி பொரியலும் கூட்டும் விழும். சாதம் மலை மாதிரி வந்து நடுவில் குழி தோண்டுவதற்குள் சாம்பார் வாளி வந்துவிடும். அடுத்து வத்தக்குழம்பு, ரசம், மோர். அப்பளம் கேட்டால் இன்னொன்று. எண்ணெய் அளவாக இருக்கும், காரம் வயிற்றைக் கெடுக்காது. தினமும் இரண்டு வேளை ஒரே இடத்தில் சாப்பிடுகிறவருக்கு ஹோட்டல் ருசி ஒரு வாரத்தில் திகட்டிவிடும். வீட்டு ருசி திகட்டாது. மெஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் தொழில் ரகசியம் இவ்வளவுதான். வந்தவரே நாளைக்கும் வர வேண்டும். அதனால், முதல்முறை சாப்பிடுகிறவருக்கு ‘இதில் என்ன பெரிய விசேஷம்?’ என்றுகூடத் தோன்றும். பத்தாவது நாள்தான் விசேஷம் புரியும்.

அசைவக்காரர்கள் சேப்பாக்கம் பக்கம் நடக்க வேண்டும். முகமது அப்துல்லா சாகிப் இரண்டாவது தெருச் சந்துக்குள் நாயர் மெஸ். 1961-லிருந்து நடக்கிறது. இலையில் சோறு, அதன்மேல் மீன் குழம்பு. இலைக்குச் சோறும் குழம்பும் பொது. வஞ்சிரம் வறுவல், நெத்திலி, இறால் போன்றவை தனி விலை. எது வேண்டும் என்று யோசிப்பதற்குள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஒருவர் எதிரே வந்து நிற்பார். மணம் பிடித்தவுடன் கை தானாக நீளும். அக்கம்பக்க அரசு அலுவலகங்கள், பல்கலைக்கழகம், கிரிக்கெட் மைதானம் மூன்றும் சேர்ந்து இந்தச் சந்தை வாழவைக்கின்றன. மதியம் ஒன்றரை மணிக்கு மேல் போனால் விரும்பிய மீன் தீர்ந்திருக்கலாம். ஆகவே, ஒரு மணிக்குள் போய்விடுவது உத்தமம்.

சமைத்துச் சாப்பிடும் குடும்பங்களுக்கும் இந்தப் பேட்டை ஒரு வழி செய்து கொடுத்தது. கலப்படமும் கடன் வட்டியும் குமாஸ்தாக் குடும்பங்களை அரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1904-ல் இங்கே தொடங்கியது திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். ‘டியூசிஎஸ்’ என்றால் பழைய சென்னைவாசிகளுக்கு இன்றும் புரியும். இந்தியாவில் நுகர்வோர் கூட்டுறவுக்கு முன்னோடி அது. மொத்தமாக வாங்கி, நியாயமான விலையில் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்ற யோசனை, சம்பளம் போதாத மனிதர்கள் நெருக்கமாக வாழ்ந்த இந்தத் தெருக்களில் முளைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பாஸ்டன் பனிக்கட்டி

சாப்பிட்டது செரிக்கக் கடற்கரைப் பக்கம் நடக்கலாம். காமராஜர் சாலையில் உருண்டையான முகப்போடு ஒரு கட்டடம் நிற்கும். பெயர்ப்பலகை விவேகானந்தர் இல்லம் என்கிறது. ஆட்டோக்காரர்களும் பேருந்து நடத்துநர்களும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்கிறார்கள். இரண்டும் சரிதான்.

அமெரிக்காவின் பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த மாசசூசெட்ஸ் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி உலகமெங்கும் விற்றவர். கல்கத்தாவுக்கு 1833-லேயே அவருடைய கப்பல் வந்துவிட்டது. சென்னையில் அந்தப் பனிக்கட்டியைப் பாதுகாக்க 1842-ல் கட்டிய கிடங்குதான் இது. கடலோரத்தில் இறக்கி, கூலியாட்கள் சுமந்து வந்து உள்ளே அடுக்குவார்கள். வெள்ளைக்காரத் துரைமார்களின் கண்ணாடிக் கோப்பைக்கும், காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும் போனது அந்த ஐஸ். இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கும் தொழில் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில், மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் தங்கியதும், நாள்தோறும் ஜனங்கள் கூடியதும் இங்கேதான். அவருடைய நூற்றாண்டையொட்டி 1963-ல் கட்டடத்துக்கு அவர் பெயர் வந்தது. உள்ளே இப்போது காட்சியகம் இருக்கிறது.

துரைமார்களுக்கு மட்டும் கிடைத்த அந்தக் குளிர்ச்சி இன்று பேட்டை முழுக்க மலிவு. பாரதி சாலையிலும் நெடுஞ்சாலையிலும் மூலைக்கு மூலை ஜூஸ் கடை. வெயில் நேரத்தில் நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்டுக் குடிக்கலாம். ரோஸ் மில்க், பன்னீர் சோடா, சாத்துக்குடி என்று வரிசை நீளும். மாலை ஐந்து மணிக்கு மேல் டீக்கடைகளின் ராஜ்ஜியம். கண்ணாடிக் கிளாஸில் நுரை தளும்பும் டீ, கூடவே வெங்காயச் சமோசாவோ பன் பட்டர் ஜாமோ. மேன்ஷன்வாசிகளின் உண்மையான வரவேற்பறை இந்த டீக்கடை வாசல்தான். அறைக்கு வர முடியாத நண்பரை இங்கேதான் சந்திக்க முடியும்; வேலை எங்கே காலி என்ற தகவலும் இங்கேதான் முதலில் வரும்.

நவாப் கொடுத்துப்போனது

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு குடிவந்தபோது, கிராமமாக இருந்த திருவல்லிக்கேணியின் முகம் மாறியது. படைவீரர்கள், ஹக்கீம்கள், அத்தர் வியாபாரிகள், எழுத்தர்கள், சமையற்காரர்கள் என்று ஒரு பட்டாளமே பின்னால் வந்தது. அவர்களோடு தக்கினி உருதுவும் வந்தது. 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டத்தை ஒழித்தது. அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போனது. பிறகு நவாப் குடும்பத்துக்கு ‘ஆற்காட்டு இளவரசர்’ என்ற பட்டம் கிடைத்தது. அவர்கள் இன்றும் பாரதி சாலையிலுள்ள அமீர் மஹாலில் வசிக்கிறார்கள். சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி 2012-ல் தீக்கு இரையாகி, பின்னர் பழைய முறையில் சுண்ணாம்புச் சாந்து கொண்டு புதுப்பிக்கப்பட்டது.

நெடுஞ்சாலையிலுள்ள வாலாஜா பெரிய பள்ளிவாசலைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1795-ல் கட்டப்பட்டது. சாம்பல் நிறக் கருங்கல். கட்டுமானத்தில் மரமும் இரும்பும் சேர்க்கவில்லை. முன்னால் விரிந்த வெட்டவெளி, குளம், புறாக்கள். உள்ளே தொழுகைத் திசையைக் காட்டும் சுவரில் பாரசீகத்தில் ஒரு கல்வெட்டு. பள்ளிவாசல் கட்டிய ஆண்டை எழுத்துகளின் எண்மதிப்பில் மறைத்துச் சொல்லும் கவிதை அது. எழுதியவர் மக்கன்லால். நவாப் அரசவையில் இருந்த இந்துப் புலவர்.

அந்தக் கவிதையோடு அந்த உறவு முடிந்துவிடவில்லை. ரம்ஜான் மாதத்தில் மாலை ஐந்தரை மணிக்கு இந்தப் பள்ளிவாசலுக்குள் சில வேன்கள் வரும். மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள் அவற்றிலிருந்து அண்டாக்களை இறக்குவார்கள். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்த சேவை. தொண்டர்களில் பெரும்பாலோர் சிந்தி இந்துக்கள். தலையில் குல்லாய் வைத்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தட்டு வைத்துக்கொண்டே போவார்கள். காய்கறி போட்ட சோறு, ஊறுகாய், இனிப்பு, பேரீச்சை, பழம், பால். எல்லாம் சைவம். பாங்கு கேட்டதும் அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கும். பல பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் நடக்கிறது. நோன்பு திறக்க வருகிறவர்களில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் வெளியூர் இளைஞர்களும் நிறைய.

ரம்ஜான் இரவுகளில் நெடுஞ்சாலை தூங்குவதில்லை. பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி. அரிசியும் பாசிப்பருப்பும் கறியும் பட்டை, கிராம்பு மணமும் சேர்ந்து குழைந்தது. அதற்கான அரிசியைத் தமிழக அரசே பள்ளிவாசல்களுக்கு வழங்குகிறது. வெளியே தெருவில் ஹலீம், கபாப், சமோசா.

நோன்பு மாதமில்லாவிட்டாலும் ஒரு பண்டம் கட்டாயம். பாஷா அல்வாவாலா கடையில் தம்ரூட் கேளுங்கள். ரவையையும் கோவாவையும் நெய்யில் பதமாகச் சேர்த்து, கீழே தணல், மூடிமேல் தணல் என்று இரண்டு பக்கமும் சூடுகாட்டி வேகவைக்கிற பலகாரம். மேல்பக்கம் லேசாகக் கருகிச் சிவந்திருக்கும், உள்ளே பிசுபிசுவென்று ஈரம். வெட்டிக் கொடுக்கும் காகிதம் நெய்யில் கண்ணாடியாகிவிடும். பெருமாள் கோயில் பொங்கலுக்கும் இதற்கும் நடக்கிற தூரம்தான். இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டவருக்குத்தான் திருவல்லிக்கேணி நெய்யின் முழு மகிமை தெரியும்.

சமையலுக்கு வேண்டிய கறியும் காயும் ஜாம்பஜாரில். விடிகாலையில் போனால் கீரைக்கட்டும் ஆட்டுக்காலும் பக்கத்துப் பக்கத்தில் பேரம் நடக்கும். பிரியாணிக் கடைகளின் நாள் அங்கேதான் தொடங்குகிறது.

மைதானமும் மணலும்

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் மெஸ்களின் கணக்கே மாறிவிடும். 1952 பிப்ரவரியில் இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்ட்டில் ஜெயித்தது இந்த மைதானத்தில்தான். இங்கிலாந்துக்கு எதிராக வினு மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். 1986-ல் ஆஸ்திரேலியாவோடு நடந்த டெஸ்ட் ‘டை’ ஆனதும் இங்கேதான். 1999-ல் பாகிஸ்தான் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டிய ரசிகர்கள் என்று இந்த ஊர்க் கூட்டத்துக்கு உலகப் பெயர் கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் மேன்ஷன் பனியனைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேரோ!

பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். ஊரைக் காலி செய்து போகிறவர் விற்ற பாடப்புத்தகமும், யாரோ ஒருவருடைய நூலகத்திலிருந்து வந்த பழைய பைண்டு வால்யூமும் ஒரே குவியலில் கிடக்கும். பேரம் பேசலாம். ஆனால், புத்தகத்தை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டால் விலை குறையாது.

இருட்டும் நேரத்தில் மெரினா. சுதந்திரப் போராட்டக் காலத்தில் பாரதியும் வ.உ.சி.யும் கூட்டங்கள் நடத்திய மணல் இது. திலகரின் நினைவாகத் திலகர் கட்டம் என்று பெயர். இப்போது தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல். மாங்காயைத் துருவிப்போட்டு, பச்சை மிளகாய் கிள்ளிப்போட்டுக் காகிதக் கூம்பில் தருவார்கள். காற்றில் மணல் சேருவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

ஒரு நாள் சுற்றுக்குச் சில குறிப்புகள்

எப்படிப் போவது: பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் அல்லது திருவல்லிக்கேணி நிலையம். காரில் வராதீர்கள், தெருக்கள் குறுகல், நிறுத்த இடம் கிடைக்காது.

காலை: ரத்னா கஃபே, பார்த்தசாரதி கோயில், பாரதியார் இல்லம், பெரிய தெரு.

மதியம்: சைவம் என்றால் காசி விநாயகா மெஸ், அசைவம் என்றால் நாயர் மெஸ். இரண்டிலும் கூட்டம் உண்டு. சீக்கிரம் போவது நல்லது.

பிற்பகல்: விவேகானந்தர் இல்லம், பிறகு ஒரு நன்னாரி சர்பத்.

மாலை: வாலாஜா பள்ளிவாசல் (தொழுகை நேரம் தவிர்த்து, உடை விஷயத்தில் கவனத்தோடு), தம்ரூட், டீ, பாரதி சாலைப் புத்தகங்கள், கடற்கரை.

கவனிக்க: கோயிலும் நினைவில்லமும் மதியத்தில் மூடியிருக்கும். சில்லறையும் பசியும் கையிலிருக்கட்டும்.

அடுத்து யார்?

மேன்ஷன்களில் பழைய நெரிசல் இப்போது இல்லை. கணினி வேலைகள் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனதும், இளைஞர்களில் ஒரு பெரும்பகுதி அங்கேயே பி.ஜி.க்களில் தங்கிவிட்டது. சாப்பாடும் வாடகையோடு சேர்ந்து வருவதால் அவர்களுக்கு மெஸ் தேவைப்படவில்லை. இங்கே இருப்பவர்களிலும் பலர் கைபேசியில் ஆர்டர் செய்கிறார்கள். இலை போட்ட மேஜைக்குப் பக்கத்தில் பார்சல் பைகள் அடுக்கியிருக்கின்றன. வரிசையில் நிற்பவர்களில் சிலர் பசித்தவர்கள் அல்லர், வேறு யாருக்கோ சாப்பாடு எடுத்துப்போக வந்த டெலிவரிப் பையன்கள்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது அறைகளுக்குப் புதிதாக வந்திருப்பவர்களை. தூத்துக்குடி, திருநெல்வேலி, தேனி என்று ஒலித்த மாடிப்படிகளில் இந்தியும் வங்காளமும் வடகிழக்கு மொழிகளும் கேட்கின்றன. ஹோட்டல்களில் இலை போடுகிறவர்கள், சமையற்கட்டில் தோசை வார்ப்பவர்கள்கூட அவர்கள்தான். வேலை முடிந்து வந்தால் அவர்களுக்கும் அறையில் அடுப்பு கிடையாது. அவர்களுக்காகத் தெருமுனையில் ரொட்டி போடும் தவாவும், மோமோ வேகும் தள்ளுவண்டியும் வந்துவிட்டன.

“நம்ம ஏரியாவுல இதெல்லாமா?” என்று பழைய டிரிப்ளிக்கேன்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். 1948-ல் மதுராக்காரர் ஒருவர் இட்லிக் கடை போட்டபோதும், “இவருக்குச் சாம்பாரைப் பத்தி என்ன தெரியும்?” என்று யாராவது ஒருவர் கேட்காமலா இருந்திருப்பார்? இந்தப் பேட்டை எந்தக் காலத்திலும் சமையற்காரரின் சொந்த ஊரைக் கேட்டுச் சாப்பிட்டதில்லை. நன்றாகவும் மலிவாகவும் கொடுத்தால், அடுத்த தலைமுறை அதையே தன் ஊர்ச் சாப்பாடு என்று சொந்தம் கொண்டாடும். இன்னும் முப்பது வருடம் கழித்து அந்த மோமோ வண்டிக்காரரின் கடை முன்னால் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசை நின்றால், “திருவல்லிக்கேணி ருசியே தனிதான்” என்று சொல்லப்போகிறவர்களும் இன்று முகம் சுளிக்கிறவர்களின் பேரப்பிள்ளைகள்தான்.